பேட்டரி திடீரெனச் சாவதில்லை

“நேற்று வரை நன்றாகத்தானே ஓடிக்கொண்டிருந்தது?” தில்லி கரோல் பாக்கில், மோட்டார் சைக்கிள் பழுதுபார்க்கும் கடைகளின் முன்னால், ஜனவரி மாதக் காலைகளில் இந்தக் கேள்வி இந்தியில் கேட்கப்படும். பல்கலைக்கழக விடுதி முற்றங்களில் அதுவே தமிழிலும் மலையாளத்திலும் வங்காளத்திலும் ஒலிக்கும். விசையை அழுத்தினால் ‘டிக்’ என்று ஓர் ஓசை எழுகிறது, எஞ்சின் சுழலவில்லை, காட்டித்தட்டின் விளக்குகள் மங்கி அணைகின்றன. வந்து பார்க்கும் மெக்கானிக், பேட்டரி போய்விட்டது என்கிறார். எப்படிப் போனது என்று கேட்டால், அது அப்படித்தான், திடீரென்று போகும் என்பதே பெரும்பாலும் விடை. கேட்டவரும் அமைதி அடைந்துவிடுகிறார். இந்தத் ‘திடீர்’ என்ற சொல் எந்தக் குற்றமும் அறியாத சொல்லாகத் தோன்றுகிறது. உண்மையில் அது ஒரு விசாரணையைத் தொடங்கும் முன்பே முடித்துவைக்கும் சொல். இடி விழுவதும் திடீர், மாரடைப்பும் திடீர், பேட்டரி போவதும் திடீர் என்று ஒரே வரிசையில் வைத்துவிட்டால், யாரும் எதற்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை.

இந்தப் பொருளின் வரலாறு நீண்டது. ஈயத் தகடுகளைக் கந்தக அமிலத்தில் மூழ்கவைத்து, மீண்டும் மீண்டும் மின்னேற்றக்கூடிய மின்கலத்தை 1859இல் பிரெஞ்சு அறிஞர் கஸ்தோன் பிளாந்தே உருவாக்கினார். இன்று மோட்டார் சைக்கிளின் இருக்கைக்கு அடியிலோ பக்கவாட்டு மூடிக்குள்ளோ இருப்பது பெரும்பாலும் அதன் நேர்வழி வாரிசுதான். நேர்மின் தகட்டில் ஈய டை ஆக்சைடு, எதிர்மின் தகட்டில் பஞ்சு போன்ற ஈயம், இடையே நீர்த்த கந்தக அமிலம். ஒரு கலத்துக்கு ஏறத்தாழ 2.1 வோல்ட்டு, ஆறு கலங்களைத் தொடராக இணைத்தால், பேச்சுவழக்கில் ‘12 வோல்ட்டு’ என்றும் அளந்தால் 12.6 வோல்ட்டு என்றும் அறியப்படும் பேட்டரி. மின்சாரம் வெளியேறும்போது இரு வகைத் தகடுகளிலும் ஈய சல்பேட்டு படிகிறது. மின்னேற்றும்போது அது மீண்டும் ஈயமாகவும் ஈய டை ஆக்சைடாகவும் திரும்புகிறது.

முழுமையாகத் திரும்புவதில்லை என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. குறைமின்னேற்ற நிலையில் நெடுநாள் கிடக்கும் பேட்டரியில் நுண்ணிய சல்பேட்டுப் படிகங்கள் ஒன்றுசேர்ந்து பெரிதாகி இறுகுகின்றன. இறுகியவை பிறகு எளிதில் கரைவதில்லை. நேர்மின் தகட்டைத் தாங்கும் ஈயச் சட்டகம் சிறிது சிறிதாக அரிக்கப்படுகிறது. தகட்டில் அப்பியிருக்கும் வினைப்பொருள், குழிவிழுந்த சாலைகளின் அதிர்வில் உதிர்கிறது. பராமரிப்பு தேவையில்லை என்று விற்கப்படும் மூடிய பேட்டரிகளிலும் நீர் கொஞ்சம் கொஞ்சமாக இழக்கப்படுகிறது; மூடியிருப்பதால் வாலைவடிநீர் ஊற்றிச் சரிசெய்யவும் வழியில்லை. இவற்றுள் எதுவும் ஒரே இரவில் நிகழ்வதன்று. புதிய பேட்டரி பொருத்தப்பட்ட நாளிலேயே இவை அனைத்தும் தொடங்கிவிடுகின்றன. சில வேளைகளில் அதற்கும் முன்பே தொடங்குகின்றன. அமிலத்தைத் தனியே தந்து விற்கப்படும் பேட்டரிகளை, அமிலம் ஊற்றியபின் சில மணி நேரம் மெதுவாக மின்னேற்றிவிட்டே பொருத்த வேண்டும். வாடிக்கையாளர் காத்திருக்கும் கடையில் இந்த மணி நேரங்கள் முதலில் பலியாகின்றன. ஊற்றிய கையோடு பொருத்தி அனுப்பிவிடுகிறார்கள். முழுமையாக நிரம்பாமலேயே அந்தப் பேட்டரி வாழ்நாளைத் தொடங்குகிறது.

தில்லி இந்த மூப்பை விரைவுபடுத்தும் நகரம். வெப்பநிலை 10 பாகை உயர்ந்தால் ஈய-அமிலப் பேட்டரியின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது மின்வேதியியலில் பழகிய தோராய விதி. 2024 மே 29 அன்று சஃப்தர்ஜங் வானிலை நிலையத்தில் 46.8 பாகை பதிவானது. (அதே நாளில் முங்கேஷ்பூரில் 52.9 பாகை என்று உலகச் செய்தியானது பின்னர் உணர்கருவிப் பிழை என்று தெரியவந்தது. அளவுமானியை நம்புவதற்கு முன் அதையும் சோதிக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் வகுப்பறையில் கிடைக்காது.) அதே சஃப்தர்ஜங்கில் 2021 ஜனவரி 1 அன்று குறைந்த வெப்பநிலை 1.1 பாகை. இந்த இரு எல்லைகளுக்கும் இடையில் ஒரு பிரிவினை நிகழ்கிறது. கோடை பேட்டரியை அழிக்கிறது, ஆனால் அழிவைக் காட்டுவதில்லை; வெப்பத்தில் வேதிவினை சுறுசுறுப்பாக இருப்பதாலும் எஞ்சின் எண்ணெய் இளகியிருப்பதாலும் நலிந்த பேட்டரியும் வண்டியைக் கிளப்பிவிடுகிறது. குளிர்காலம் புதிதாகப் பெரிய கேடு எதையும் செய்வதில்லை. எண்ணெய் கெட்டிப்பட, வேதிவினை மந்தமாக, ஏற்கெனவே நிகழ்ந்துவிட்டதை வெளியே சொல்கிறது. ஜனவரியில் போன பேட்டரி உண்மையில் மே மாதத்தில் போனது.

மே மாதம் மாணவர் இல்லாத மாதமும் ஆகும். தேர்வுகள் முடிந்து, தமிழ்நாடு எக்ஸ்பிரசிலும் கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரசிலும் ஊர் திரும்புகிறவர்கள், வண்டியை விடுதி முற்றத்தில் வேப்பமர நிழலில் நிறுத்திப் போர்வையும் போட்டுவிட்டுப் போகிறார்கள். நிறுத்திய வண்டியில் பேட்டரி ஓய்வெடுக்கிறது என்ற நம்பிக்கை பரவலானது. அது தவறானது. தானாகவே மின்னிறங்கும் இயல்பு ஈய-அமிலப் பேட்டரிக்கு உண்டு. வெப்பத்தில் அது விரைவுபடுகிறது. கடிகாரமும் மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டியும் திருட்டு எச்சரிக்கைக் கருவியும் துளித்துளியாகக் குடிக்கின்றன. இரண்டு மாதம் கழித்து ஜூலையில் திரும்புகையில், பாதி இறங்கிய நிலையில் கடுங்கோடையைக் கழித்த பேட்டரி காத்திருக்கிறது. அப்போதும் பல வண்டிகள் கிளம்பிவிடும். கிளம்பிவிட்டதால் கேடில்லை என்று தோன்றும். 2020 மார்ச் இறுதியில் பொதுமுடக்கம் அறிவிக்கப்பட்டபோது இதே சோதனை மாதக்கணக்கில் நீண்டது; திரும்பிவந்தவர்கள் மீட்டெடுத்த வண்டிகளில் முதலில் மாற்றப்பட்ட உறுப்பு எது என்பதை எந்த மெக்கானிக்கும் சொல்வார்.

பிறகு ஏன் அது திடீரெனத் தோன்றுகிறது? தமிழ்நாட்டின் ஏரியைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்குவது எளிது. பல்லாண்டுகள் தூர்வாரப்படாத ஏரியிலும் ஐப்பசி மழைக்குப் பின் நீர்மட்டம் கரையைத் தொட்டு நிற்கும். தொலைவிலிருந்து பார்ப்பவருக்கு அது நிறைந்த ஏரி. உள்ளே ஆளுயரத்துக்கு வண்டல், நீர் இடுப்பளவுதான். மதகிலும் மண்ணேறியிருந்தால், இருக்கும் நீரும் வேண்டிய வேகத்தில் வெளியே வராது. பேட்டரியின் மின்னழுத்தம் நீர்மட்டம் போன்றது. கொள்ளளவு வேறு, உள்தடை வேறு. ஓய்வில் அளந்தால் மூப்படைந்த பேட்டரியும் 12.5 வோல்ட்டு காட்டும். எஞ்சினைச் சுழற்றும் மோட்டாரோ ஒரு கணத்துக்குப் பெருவெள்ளத்தைக் கேட்கிறது. அது 50 ஆம்பியர் என்று வைத்துக்கொண்டால், உள்தடை 0.02 ஓம் இருக்கையில் இழப்பு 1 வோல்ட்டு மட்டுமே. வண்டி முதல் அழுத்தலிலேயே கிளம்பும். உள்தடை 0.06 ஓம் ஆகும்போது இழப்பு 3 வோல்ட்டு. மோட்டார் முனகி நின்றுவிடும். 0.02 என்பது 0.06 ஆவதற்கு இரண்டு ஆண்டுகள் பிடிக்கலாம். அந்த இரண்டு ஆண்டுகளிலும் ஓட்டுநருக்கு உலகம் மாறாமல் இருக்கிறது. வாசலைக் கடந்தபின் ஒரே காலையில் எல்லாம் மாறிவிடுகிறது. திடீர் என்பது வாசலின் இயல்பு; நடந்து வந்த தொலைவின் இயல்பன்று.

நேர்மைக்காக ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். உண்மையிலேயே நொடியில் நிகழும் மரணமும் உண்டு. கலங்களை இணைக்கும் ஈயப் பட்டை ஒருநாள் முறிந்தால், அல்லது உதிர்ந்த பொருளாலோ தகடுகளுக்கிடையே வளர்ந்த ஈய இழையாலோ ஒரு கலம் குறுக்குச் சுற்றாகிப் போனால், ஓடிக்கொண்டிருந்த வண்டியும் அடுத்த நிறுத்தத்தில் எழாது. அளந்தால், குறுக்குச் சுற்றான பேட்டரி 10.5 வோல்ட்டு அளவில் நிற்கும், ஒரு கலம் குறைந்த கணக்கு. முறிந்த இணைப்பு இன்னும் வஞ்சகமானது. சிறு விளக்கை எரியவைக்கும், மோட்டாரைக் கேட்டவுடன் சுழியத்துக்கு இறங்கும். இவற்றை முன்கூட்டிச் சொல்வது கடினம். ஆயினும் முறிவதற்கு முன் அந்தப் பட்டை அரிக்கப்பட்டது. இழை வளர்வதற்கு நாள் பிடித்தது.

ஆக, கேள்வி வேதியியலைப் பற்றியதன்று, காட்டியைப் பற்றியது. பழைய புல்லட்டை ஓட்டியவர்கள் இதை உடனே உணர்வார்கள். 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் வழியாக இந்தியாவுக்கு வந்து, பின் சென்னைத் திருவொற்றியூரில் பல பத்தாண்டுகள் உருவான அந்த வார்ப்பிரும்பு எஞ்சின் வண்டியின் முகப்பில், வேகமானிக்குப் பக்கத்தில் சிறிய அம்மீட்டர் ஒன்று இருந்தது. அது அலங்காரமன்று. சாவியைத் திருப்பிக் கிக்கரை மெல்ல அழுத்தினால், தொடுமுனைகள் மூடியிருக்கும்போது முள் இறக்கப் பக்கம் சாயும்; அவை திறக்கும் இடத்தில் நடுவுக்குத் திரும்பும். பிஸ்டன் மேலே வந்துவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம். அழுத்தநீக்கி நெம்புகோலை இழுத்து, கிக்கரை இன்னும் ஓரங்குலம் இறக்கி, பிறகு உதைக்க வேண்டும். ஒவ்வொரு காலையும் வண்டியைக் கிளப்பும் செயலே பேட்டரியைச் சோதிக்கும் செயலாகவும் இருந்தது. முள் வழக்கமான இடத்துக்குச் சாயவில்லையென்றால் ஓட்டுநருக்குப் புரிந்துவிடும். அதைக் காதலோடு நினைவுகூர்வதில் பொருளில்லை. கணுக்காலை முறித்த கிக்கர்களும் பல. ஆனால் அந்த வண்டி தன் நிலையை மறைக்கவில்லை.

பின்வந்த மாற்றங்கள் தனித்தனியே நியாயமானவை. 2017 ஏப்ரல் முதல் புதிய இருசக்கர வாகனங்களில் எஞ்சின் ஓடும்போதெல்லாம் முகப்பு விளக்கு எரிய வேண்டும் என்று விதியானது. விபத்தைக் குறைக்கும் நோக்கம். 2020 ஏப்ரல் 1 முதல் பாரத் ஸ்டேஜ் 6 மாசு நெறிகள் வந்தன. தில்லிக் காற்றைச் சுவாசிப்பவர் எவரும் அதை எதிர்க்க முடியாது. அதனோடு கார்புரேட்டர் பெரும்பாலும் விடைபெற்று, மின்னணு எரிபொருள் செலுத்துமுறை அன்றாட வண்டிகளுக்கும் இறங்கியது. எரிபொருள் பம்பும் கட்டுப்பாட்டுக் கணினியும் மின்சாரமின்றி அசையாதவை. பேட்டரி முற்றிலும் இறங்கிவிட்ட வண்டியைத் தள்ளிக் கிளப்புவது பெரும்பாலும் வீண். கிக்கரும் ஒவ்வொன்றாகக் காணாமற்போனது. 2020 நவம்பரில் வந்த மீட்டியோர் 350இலும் 2021 செப்டம்பரில் வந்த புதிய கிளாசிக் 350இலும் அது இல்லை. சில நூறு சிசி வண்டிகளில் இன்னும் இருக்கிறது. ஒவ்வொரு மாற்றமும் பேட்டரியின் மீது ஒரு பொறுப்பைக் கூடுதலாக ஏற்றியது. எந்த மாற்றமும் பேட்டரியின் நிலையைச் சொல்லும் காட்டியைக் கூடவே கொண்டுவரவில்லை.

இங்கே சினம் கொள்ள வேண்டிய இடம் ஒன்று உண்டு. எரிபொருள் செலுத்தும் கணினி, தெளிப்பான் எவ்வளவு நேரம் திறந்திருக்க வேண்டும் என்று கணக்கிடுவதற்காகவே பேட்டரியின் மின்னழுத்தத்தை இடைவிடாமல் அளக்கிறது. விசையை அழுத்திய கணத்தில் அந்த மின்னழுத்தம் எவ்வளவு சரிகிறது என்பது, பேட்டரியின் நலத்துக்கு மெக்கானிக் செய்யும் சுமைச் சோதனைக்கு நிகரானது. அதாவது ஒவ்வொரு காலையும் வண்டி தன் பேட்டரியைத் தானே சோதிக்கிறது. முடிவைத் தானே வைத்துக்கொள்கிறது. அலைபேசியோடு இணைந்து அழைப்பவர் பெயரைக் காட்டும் திரையில், ‘இந்தப் பேட்டரி மூப்படைந்துவிட்டது’ என்ற ஒரு வரிக்கு இடமில்லையாம். விலையுயர்ந்த சில வண்டிகளில் மின்னழுத்தக் குறைவுக்கு எச்சரிக்கை உண்டு. உழைப்பவர் ஓட்டும் வண்டிகளில் அரிது. தயாரித்த மாதத்தையும் பலவற்றில் சங்கேத எழுத்துகளாகவே பொறிக்கிறார்கள். விற்பவருக்குப் புரியும் மொழியில், வாங்குபவருக்கு அன்று.

ஆயிரத்துச் சில்லறை ரூபாய்ப் பொருளுக்கு ஏன் இத்தனை விவாதம் என்று கேட்கப்படலாம். கேட்பவர் யார் என்பதைப் பொறுத்தது அது. தில்லியில் உணவும் மளிகையும் கொண்டுசேர்க்கும் இளைஞருக்கு வண்டியும் எரிபொருளும் பராமரிப்பும் சொந்தச் செலவு. அவர் வண்டி நாளொன்றுக்குப் பல பத்து முறை அணைந்து கிளம்புகிறது. இடையில் ஓடும் தொலைவோ சிறிது. சிவப்பு விளக்கில் எஞ்சினை அணைக்கச் சொல்லி 2020 அக்டோபரில் தில்லி அரசு தொடங்கிய இயக்கமும் இதில் சேர்கிறது. அதைக் குறைசொல்வதற்கு முன் கணக்குப் போட வேண்டும்: 50 ஆம்பியர் வீதம் ஒரு நொடி எடுத்தால், ஒரு கிளப்பலுக்கு ஆகும் செலவு 0.014 ஆம்பியர்-மணி. சிறு வண்டிகளின் பேட்டரி 3 முதல் 5 ஆம்பியர்-மணி. நலமான பேட்டரிக்கு இது ஒரு பொருட்டே அன்று. ஓரிரு நிமிட ஓட்டத்தில் மீண்டு நிரம்பிவிடும். ஆனால் விளக்கு எரிய, நெரிசலில் எஞ்சின் மந்தமாகத் துடிக்க, மின்னாக்கி தருவது விளக்குக்கே சரியாகிவிடும் வேளைகளில் நிரம்புதல் நிகழ்வதில்லை. மூப்படைந்த பேட்டரியில் அந்தச் சிறு கடன் நாள்தோறும் சேர்கிறது. சிவப்பு விளக்கில் எஞ்சினை அணைக்கச் சொன்ன அறிவுரை சரியானது. அதைக் கடைப்பிடிப்பவருக்குத் தம் பேட்டரி எந்த நிலையில் இருக்கிறது என்று தெரிவிக்க யாரும் முனையவில்லை. அவர் ஒருநாள் பச்சை விளக்கில் நின்றுபோகிறார். பின்னாலிருந்து ஒலிப்பான்கள் அலறுகின்றன. பையில் ஆறிக்கொண்டிருக்கும் உணவின் கணக்கு இன்னொரு கணினியில் ஓடிக்கொண்டிருக்கிறது. இரவு பத்து மணிக்கு வெளிவட்டச் சாலையில் தனியே நின்றுபோகும் ஆய்வு மாணவியிடமும் பேட்டரியின் விலை என்ன என்று யாரும் கேட்கமாட்டார்கள்.

அறிவுக்குப் பஞ்சமுமில்லை. அழகப்பச் செட்டியார் அளித்த 300 ஏக்கர் நிலத்திலும் 15 லட்சம் ரூபாயிலும் எழுந்து, 1953 ஜனவரி 14 அன்று திறக்கப்பட்ட காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் நாட்டுக்கு வயது வந்த காலத்திலிருந்தே இருக்கிறது. சல்பேட்டு இறுகுவதைப் பற்றியும் சட்டகம் அரிப்பதைப் பற்றியும் நூலகங்களில் அலமாரிகள் நிறைந்திருக்கின்றன. அது முந்நூறு ரூபாய் மல்டிமீட்டராகக்கூட விடுதி முற்றத்துக்கு இறங்கவில்லை. இரவு முழுதும் ஓய்ந்த பேட்டரி 12.6 வோல்ட்டுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். விசையை அழுத்தும் கணத்தில் 10 வோல்ட்டுக்குக் கீழே சரியக்கூடாது. எஞ்சினைச் சற்று முடுக்கினால் 13.5க்கும் 14.5க்கும் இடையில் ஏற வேண்டும். மூன்றாவது அளவு தவறினால் கோளாறு மின்னாக்கியிலோ சீராக்கியிலோ இருக்கிறது. புதிய பேட்டரி வாங்கிப் போட்டாலும் அது சில வாரங்களில் பழைய வழியிலேயே போகும். இந்த மூன்று எண்களையும் அறியாமல் ஆண்டுக்கு ஒரு பேட்டரி மாற்றுகிறவர்கள் முனைவர் பட்டம் பெற்றவர்களிலும் உண்டு.

செத்த பேட்டரியின் கதை அதோடு முடிவதில்லை. அதன் எடையில் பாதிக்கு மேல் ஈயம். புதியதை வாங்கும்போது பழையதைக் கொடுத்தால் சில நூறு ரூபாய் கழிவு கிடைக்கும். எங்கே போகிறது என்று எவரும் கேட்பதில்லை. பெட்ரோலிலிருந்து 2000ஆம் ஆண்டில் நாடெங்கும் ஈயம் நீக்கப்பட்டது. பேட்டரியிலிருந்து நீக்க இயலாது. ஆனால் ஒழுங்காகத் திரும்பப் பெற இயலும். 2001இலேயே அதற்கு விதிகள் இருந்தன. 2022 ஆகஸ்டில் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் உற்பத்தியாளரின் பொறுப்பை இன்னும் இறுக்கின. விதிக்கு வெளியே, அமிலத்தை மண்ணில் கொட்டித் தகட்டைத் திறந்த அடுப்பில் உருக்கும் தொழிலும் நடக்கிறது. யூனிசெஃபும் பியூர் எர்த் அமைப்பும் 2020 ஜூலையில் வெளியிட்ட அறிக்கை, உலகக் குழந்தைகளில் மூன்றில் ஒருவரின் ரத்தத்தில் டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராம் அல்லது அதற்கு மேல் ஈயம் இருப்பதாக மதிப்பிட்டது. இத்தகைய உருக்குதலை முக்கியக் காரணங்களுள் ஒன்றாகச் சுட்டியது. ரத்தத்திலுள்ள ஈயம் ஏறத்தாழ ஒரு மாதத்தில் பாதியாகும். எலும்பில் ஏறியது பத்தாண்டுகள் தங்கும். இரண்டு ஆண்டுகளில் செத்த பேட்டரிக்கும் நான்கு ஆண்டுகள் வாழ்ந்த பேட்டரிக்கும் உள்ள வேறுபாட்டை அந்த அடுப்பின் அருகில் வளரும் குழந்தையின் உடலிலும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

தில்லியின் பல்கலைக்கழகங்களுக்கு இதில் பழைய கடன் ஒன்று இருக்கிறது. 2010 பிப்ரவரியில் தில்லிப் பல்கலைக்கழக வேதியியல் துறை, நெடுங்காலம் பயன்படாமல் கிடந்த காமாக் கதிர்க் கருவி ஒன்றை ஏலத்தில் விற்றது. அதற்குள்ளிருந்த கோபால்ட்-60 மாயாபுரிப் பழைய இரும்புச் சந்தையில் பிரிக்கப்பட்டது. ஒருவர் இறந்தார், மேலும் சிலர் கதிர்வீச்சால் பாதிக்கப்பட்டனர். கருவியின் வேதியியலை நன்கறிந்த இடமே, வாசலைத் தாண்டியபின் அது என்னாகும் என்று கேட்கவில்லை. கதிர்வீச்சும் ஈயமும் ஒன்றல்ல. வாசலுக்கு வெளியே நடப்பது நமதன்று என்ற மனநிலை ஒன்றே. விடுதிகளின் தலைகீழ் மின்மாற்றிப் பேட்டரிகளும் மாணவர்களின் வண்டிப் பேட்டரிகளும் ஒவ்வோராண்டும் அதே வாசலைத் தாண்டுகின்றன. அவற்றை வளாகத்திலேயே திரும்பப் பெற்று, பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடம் சீட்டு வாங்கி ஒப்படைப்பதற்கு ஓர் அறையும் ஒரு பதிவேடும் போதும். இயற்பியல் ஆய்வகத்தில் மல்டிமீட்டர்கள் இருக்கின்றன; மே மாதத் தேர்வுகள் முடிந்த வாரத்தில் அவற்றை விடுதி முற்றத்துக்கு எடுத்து வரலாம். ஊருக்குப் புறப்படும் முன் வண்டியின் எதிர்முனைக் கம்பியைக் கழற்றிவைக்க ஐந்து நிமிடம் ஆகும்.